லாரி பட்டையில் ஓட்டை போட எந்த டிரில் பிட் வாங்கலாம்? கோபால்ட், கார்பைட், சிமென்ட் பிட் மதிப்பீடு

பழைய லாரி பட்டையை (சக்கரத்துக்கு மேலே இருக்கும் லீஃப் ஸ்பிரிங்) அறுத்து அருவாளோ வெட்டுக்கத்தியோ செய்கிறவர்களுக்கு அறுப்பதும் தீட்டுவதும் பெரிய சிரமமில்லை. ஆங்கிள் கிரைண்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். கைப்பிடிக்கு ரிவிட் ஓட்டை போடும் இடத்தில்தான் வேலை நின்றுவிடும். கையிலிருக்கும் சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டை வைத்து அழுத்தினால் அரை மி.மீ. இறங்கும், கீச்சென்று கத்தும், முனை நீலமாகும். எடுத்துப் பார்த்தால் பட்டையில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு குழி. அதற்கப்புறம் அந்தக் குழியில் புது பிட்டை வைத்தாலும் ஏறாது.

இந்த வேலைக்கு என்று கடையில் கேட்டால் நான்கைந்து வகை பிட்டை எடுத்துப் போடுவார்கள். 6 முதல் 8 மி.மீ. கனமுள்ள பட்டை, அதில் 6 மி.மீ. ஓட்டை, வீட்டுப் பட்டறையில் சாதாரணமாக இருக்கும் மெஷின் என்ற கணக்கில் ஒவ்வொன்றும் எப்படி உழைக்கிறது என்று பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த பிட் வாங்குவது என்பதை உங்கள் டிரில்லின் குறைந்தபட்ச வேகம்தான் தீர்மானிக்கிறது. 300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 300 சுற்று) வரை இறங்கும் மெஷின் என்றால் எம்35 கோபால்ட், அதாவது கோபால்ட் கலந்த எச்எஸ்எஸ் பிட் வாங்குங்கள். அவ்வளவு இறங்காத பெஞ்ச் டிரில் என்றால், சுவரில் ஓட்டை போடும் சிமென்ட் பிட்டைச் சாணை பிடித்துப் பயன்படுத்துங்கள். ஆட்டமே இல்லாத கனமான பெஞ்ச் டிரில் இருந்து, அளவும் துல்லியமாக வேண்டும் என்றால் மட்டும் முழு கார்பைட், அதாவது உடம்பு முழுக்க டங்ஸ்டன் கார்பைடாலான பிட்.

ஏன் வேகம் இவ்வளவு முக்கியம்? பட்டைக்குப் பயன்படும் இஎன்45, எஸ்யூபி9, 50சிஆர்வி4 போன்ற ஸ்டீல்களில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். கடினமாக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றி டெம்பர் செய்த பிறகு அவற்றின் கடினம் ராக்வெல் சி அளவில் பெரும்பாலும் 40 முதல் 48 வரை இருக்கும். எச்எஸ்எஸ் பிட்டின் கடினம் 62 முதல் 65. காகிதத்தில் பார்த்தால் பிட்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எச்எஸ்எஸ் தன் கடினத்தைக் காப்பது சுமார் 600 டிகிரி வரைதான். வேகம் கூடினால் வெட்டு விளிம்பின் ஓர மூலை அந்தச் சூட்டைச் சீக்கிரம் தாண்டி மழுங்கும். மழுங்கிய விளிம்பு வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடம் கணநேரம் சிவக்கும் அளவுக்குச் சூடேற, சுற்றியிருக்கும் குளிர்ந்த ஸ்டீல் அதை உடனே உறிஞ்சிக் குளிர்விக்கும். ஸ்டீலைச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால் என்ன ஆகுமோ அதுவே அங்கே நடக்கிறது. பளபளக்கும் அந்தக் குழியின் மேல்தோல் பட்டையைவிடக் கடினமானது.

வேகக் கணக்கு எளிது. வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, 1000-ஆல் பெருக்கி, பிட் விட்டத்தின் 3.14 மடங்கால் வகுத்தால் ஆர்பிஎம். மைல்ட் ஸ்டீலுக்கு எச்எஸ்எஸ் பிட் 25 மீட்டர் வரை தாங்கும், 6 மி.மீ. பிட்டுக்கு அது 1300 ஆர்பிஎம்-க்குச் சற்று மேல். கை அந்த வேகத்துக்குத்தான் பழகியிருக்கும். டெம்பர் ஏறிய பட்டையில் கோபால்ட் பிட்டுக்கு 6 மீட்டர்தான், அதாவது சுமார் 320 ஆர்பிஎம். பழகிய வேகத்தில் கால்வாசி. கார்பைடுக்கு 15 முதல் 20 மீட்டர், அதாவது 800 முதல் 1060 ஆர்பிஎம்.

13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) உள்ள சின்ன பெஞ்ச் டிரில்களில் பெல்ட்டை எந்தப் புல்லியில் மாற்றிப் போட்டாலும் வேகம் பெரும்பாலும் 500, 600-க்குக் கீழே வராது. கோபால்டுக்கு அது அதிகம். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் எதையாவது இடையில் போட்டு வேகத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பெஞ்ச் டிரில்லில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். வோல்டேஜைக் குறைத்தால் இழுவைதான் போகும், காயில் சூடேறும். டிரிகரை அழுத்தும் அளவுக்கு வேகம் மாறும் கை டிரில்லை டிரில் ஸ்டாண்டில் மாட்டுவது, அல்லது பேட்டரி டிரில்லின் லோ கியர், இரண்டும் 300-க்கு இறங்கும்.

இனி பிட்கள்.

தங்க நிறத்தில் 13, 19, 25 என்று டப்பாவில் வரும் மலிவு செட்டை முதலில் தள்ளிவிடலாம். அந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, அல்லது வெறும் நிறம். உள்ளே இருப்பது சாதாரண எச்எஸ்எஸ், சில சமயம் அதுவும் இல்லை. மரத்துக்கும் அலுமினியத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பட்டையில் முதல் ஓட்டைக்கே முனை போய்விடும். தரமான எச்எஸ்எஸ் பிட் மெதுவான வேகத்தில், 40-ஐ ஒட்டிய கடினமுள்ள பட்டையில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சாணை என்றால் அது பொருளாதாரம் ஆகாது.

எம்35 கோபால்ட் பிட்டில் 5 சதவீதம் கோபால்ட் இருக்கும். சூட்டில் எச்எஸ்எஸ்ஸைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் ஷாங்கில் (சக்குக்குள் போகும் தண்டில்) பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்: எச்எஸ்எஸ்-கோ, எச்எஸ்எஸ்-இ, எம்35, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத பிட்டைக் கடைக்காரர் கோபால்ட் என்று சத்தியம் செய்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது முனை. 135 டிகிரி கோணத்தில், நடுவில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட ஸ்பிளிட் பாயின்ட் வேண்டும். 118 டிகிரி சாதா முனையில் நடுப்பகுதி வெட்டாது, அழுத்தித் தள்ளத்தான் செய்யும். பட்டையில் அந்த அழுத்தம்தான் பிட்டை வளைத்து ஒடிக்கிறது. பாஷ் எச்எஸ்எஸ்-கோ வரிசை இந்த முனையோடுதான் வருகிறது. சென்னை நிறுவனமான அடிசனின் கோபால்ட் பிட்களையும் கேட்டுப் பார்க்கலாம். முனையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். குட்டையான ஸ்டப் நீளம் கிடைத்தால் கண்டிப்பாக அதையே எடுங்கள். நீளம் குறையக் குறைய பிட் வளையாது; கோபால்ட் பிட் ஒடிவதே வளைவதால்தான்.

இந்த பிட்டை ஓட்டும் முறை மைல்ட் ஸ்டீலுக்கு நேர்மாறு. வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். ஒரு சுற்றுக்கு 0.04 மி.மீ. இறங்கினால் 300 ஆர்பிஎம்-ல் நிமிடத்துக்கு 12 மி.மீ. ஆகவே 8 மி.மீ. பட்டை 40 விநாடியில் முடிய வேண்டிய வேலை. இரண்டு நிமிடம் கழிந்தும் பாதிதான் வந்திருக்கிறது என்றால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது, உடனே எடுத்துவிடுங்கள். தொட்டுத் தொட்டு எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. பிட் பட்டையில் பட்டது என்றால் சீவல் வர வேண்டும், இல்லையென்றால் படவே கூடாது. இரண்டு பக்கமும் சின்னச் சுருள்களாகச் சீவல் வருவது நல்ல அறிகுறி. லேசான மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் பரவாயில்லை. தூளாகக் கொட்டினால் மூலை போய்விட்டது. கட்டிங் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஒரு அவசரத்துக்குச் சரி. இவ்வளவு அழுத்தத்தில் கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில் போல நிற்காது.

8 சதவீதம் கோபால்ட் உள்ள எம்42, 45-க்கு மேற்பட்ட கடினத்தில் எம்35-ஐவிட மேல். ஆனால் இன்னும் நொறுங்கும் தன்மை உடையது, பக்கத்து ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைக்காது. கையால் பிடித்து ஓட்டுவதற்கு எம்42 வேண்டாம்.

மூன்றாவது, இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது: சுவரில் ஓட்டை போடும் சிமென்ட் பிட். அதன் முனையில் பற்றவைத்திருக்கும் சின்னத் துண்டு டங்ஸ்டன் கார்பைட். பட்டையின் கடினம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாங்கியபடியே வைத்தால் வேலை செய்யாது, ஏனென்றால் அது அடித்து நொறுக்குவதற்காக மழுங்கலாகவே செய்யப்பட்டது. தீட்டினால் அதுவே வேறு கருவியாகிவிடும்.

தீட்டுவதற்குச் சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல் கார்பைடைத் தொடாது. சிலிக்கன் கார்பைட் பச்சைக்கல் அல்லது டைமண்ட் வீல் வேண்டும். முதலில் சாதாரணக் கல்லில், கார்பைட் துண்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உடம்பை மட்டும் சற்றுத் தாழ்த்திவிடுங்கள். பிறகு பச்சைக்கல்லில் இரும்பு அப்பிக்கொள்ளாது. அடுத்து முனையின் கூரை போன்ற கோணத்தை மாற்றாமல், இரு சரிவுகளையும் விளிம்புக்குப் பின்னால் 8 முதல் 10 டிகிரி சரியும்படி தேயுங்கள். வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். அது மின்னும்வரை விளிம்பு மழுங்கல்தான், கோடு மறையும்போதுதான் கூர். இரண்டு விளிம்பும் ஒரே நீளமா என்று அலுமினியத் துண்டில் போட்டுப் பார்க்கலாம்: இரு பக்கமும் ஒரே அளவு சீவல் வர வேண்டும். சூடான கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்; ஆறவிட்டுத் தேயுங்கள். இதில் பறக்கும் தூசியில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். கண்ணாடியோடு என்95 மாஸ்க்கும் கட்டாயம்.

ஓட்டும்போது ஹேமர் சுவிட்ச் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். 500 முதல் 1000 ஆர்பிஎம் வரை நன்றாகவே வெட்டும். சின்ன பெஞ்ச் டிரில்லின் கடைசி இரண்டு புல்லி வேகம் சரியாக இங்கேதான் விழுகிறது. உலர்வாகவே ஓட்டலாம். எண்ணெய் விட்டால் தொடர்ந்து விடுங்கள். காய்ந்த முனையில் திடீரென்று ஒரு சொட்டு விழுந்தால் விரிசல் வரும். இந்த பிட்டின் பள்ளம் சிமென்ட் தூசிக்காகச் செய்தது, உலோகச் சீவலைச் சரியாக வெளியேற்றாது. ஒவ்வொரு 2 மி.மீ.க்கும் முழுக்க எடுத்துச் சுத்தம் செய்து, பிறகு தயங்காமல் அழுத்துங்கள். முனை சிவக்கிறது என்றால் நிறுத்துங்கள். கார்பைடுக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது, ஆனால் பற்றவைத்த பொடி உருகினால் துண்டு கோணலாகிக் கழன்றுவிடும். மூலை உதிர்ந்தால் மறுபடி சாணை, மறுபடி வேலை.

குறை ஒன்று உண்டு. 6 என்று எழுதியிருக்கும் சிமென்ட் பிட்டின் முனை 6-ஐவிட 0.2, 0.3 மி.மீ. பெரிதாகவே இருக்கும். ஓட்டையும் அப்படியே. 6 மி.மீ. பித்தளைக் கம்பி அதில் ஆடும். எபாக்ஸி வைத்து ஒட்டும் கைப்பிடிக்கு அந்த ஆட்டம் பொருட்டில்லை. இறுக்கமாக வேண்டுமென்றால் 5.5 மி.மீ. பிட் கிடைக்கிறதா பாருங்கள், அல்லது 5-ல் போட்டு வட்ட டைமண்ட் அரத்தால் பெரிதாக்குங்கள். ரோட்டரி ஹேமருக்கென்று வரும், நான்கு வெட்டுள்ள எஸ்டிஎஸ் பிட்டை வாங்காதீர்கள். சாதாரண சக்கில் அது நிற்காது, அந்த முனையைத் தீட்டவும் முடியாது. நேரான உருண்டை ஷாங்க் உள்ள எளிய பிட்தான் வேண்டும்.

முழு கார்பைட் பிட் வெட்டும் அழகே தனி. 1000 ஆர்பிஎம்-ல் பத்துப் பதினைந்து விநாடியில் 8 மி.மீ. பட்டையைத் தாண்டிவிடும், ஓட்டை அளவும் சுவரும் சுத்தமாக இருக்கும். கடினம் 60-ஐத் தொடும் பொருளிலும் போகும். ஆனால் பக்கவாட்டு ஆட்டத்தைத் துளியும் பொறுக்காது. சக்கில் ஒரு நல்ல பிட்டை மாட்டி விரலால் அசைத்துப் பாருங்கள். ஸ்பிண்டில் டக்டக்கென்று ஆடினால் அந்த மெஷினில் இந்த பிட்டைப் போட்டால் காசு போனதுதான். கை டிரில்லில் போடவே கூடாது. ஒடிந்தால் துண்டு தெறிக்கும். சின்ன ஓட்டை போட்டுப் பிறகு பெரிதாக்கும் பழக்கமும் இதற்கு ஆகாது. முன்னோட்ட ஓட்டையின் விளிம்பில் கார்பைடின் மூலைகள் மட்டும் மோதி உதிரும். முழு அளவில், ஒரே மூச்சில் இறக்க வேண்டும். ஒரு பிட்டின் விலையில் பல சிமென்ட் பிட் வாங்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் விற்கும் வேல் முனை பிட்டுக்கு வேறு இடம் இருக்கிறது. கைவாள் தகடு, ஹேக்சா பிளேடு போன்ற 2 மி.மீ.க்குட்பட்ட மெல்லிய தகட்டில் இது நன்றாக ஏறும். ஒரு சொட்டு எண்ணெய், லேசான அழுத்தம் போதும். பள்ளமே இல்லாததால் கனமான பட்டையில் சீவல் சிக்கி வேல் ஒடியும். மெல்லிய தகட்டை மேலும் கீழும் மைல்ட் ஸ்டீல் துண்டு வைத்து இறுக்கிப் போட்டால் ஓட்டை முக்கோணமாகாது. டைமண்ட் பூச்சு பிட் பட்டைக்கு வீண். சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து தேய்ந்துபோகும்.

பிட்டே மாற்றாமல் பட்டையை இளக்கிக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். தலை வெட்டிய ஆணியைச் சக்கில் மாட்டிச் சுற்றவிட்டு, அந்த இடம் நீலமானதும் சாதாரண பிட்டால் போடச் சொல்வார்கள். பட்டையில் இது பலிக்காது. நீல நிறம் ஏறுவது 300 டிகிரியில். பட்டையை ஆலையில் டெம்பர் செய்ததே 400 டிகிரிக்கு மேல். 300-ல் அது இம்மியும் இளகாது. இளக வேண்டுமானால் கேஸ் டார்ச்சால் அந்த இடத்தை இருட்டில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும்வரை, 650-ஐ ஒட்டி, சூடேற்றிச் சில நிமிடம் நிறுத்தி மெதுவாக ஆறவிட வேண்டும். பிரகாசமான சிவப்பு, ஆரஞ்சு வரை போய்விட்டால் பலன் தலைகீழாகும். குரோமியம் கலந்த பட்டை காற்றில் ஆறும்போதே பாதி கடினமாகிவிடும். வெட்டும் பகுதியில் ஈரத்துணி சுற்றி, கைப்பிடிக்குள் போகும் வால் பகுதியை மட்டும் இப்படி இளக்கினால் எந்த பிட்டுக்கும் வேலை பாதியாகும். இன்னும் கடினமாக்காத கத்தி என்றால் ஓட்டையை முதலில் போட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் வையுங்கள், அதாவது சூடேற்றி முக்கிக் கடினமாக்குங்கள்.

பிட் எதுவானாலும் அதிகம் ஒடிவது மறுபக்கம் வெளியேறும் அந்தக் கடைசி அரை மி.மீ.யில். பட்டை வளைந்தது என்பதால் இந்த ஆபத்து இரட்டிப்பு. முதுகு மேலே இருக்கும்படி வைத்தால் அழுத்தத்தில் பட்டை கீழே அமுங்கியிருக்கும். முனை வெளியே எட்டியதும் தள்ளும் எதிர்ப்பு குறைய, பட்டை மேலே எழும்பி பிட்டைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். டக்கென்று ஒரு சத்தம், மூலை போயிருக்கும். வளைவின் வயிற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி, ஓட்டை விழும் இடம் மேசையில் நேராக உட்காரும்படி வையுங்கள். அடியில் 5 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடு, இரு பக்கமும் சி-கிளாம்ப். பிட் பட்டையை முடித்து நேராக அந்தத் தகட்டில் இறங்கட்டும். அதற்கு முன்பே ஃபிளாப் டிஸ்கால் துருவையும் கருப்புச் செதிலையும் எடுத்துவிடுங்கள். செதில் வெட்டு விளிம்பை அரித்துவிடும். சென்டர் பஞ்ச் பட்டையில் மழுங்கும். ஓட்டையின் இடத்தை மார்க் செய்ய கார்பைட் முனையுள்ள ஸ்கிரைபரே நல்லது. பிட் வழுக்காமல் இருக்க, 6 மி.மீ. ஓட்டை போட்ட ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை மேலே வைத்து இறுக்கி வழிகாட்டியாக்கிக்கொள்ளலாம்.

இத்தனையும் கழித்துப் போட்ட பட்டைக்கு, கருவி செய்வதற்கு. ஓடுகிற வண்டியில் இருக்கும் பட்டையில் புதிதாக ஓட்டை போடாதீர்கள், டார்ச் காட்டவும் வேண்டாம். ஓட்டையின் விளிம்பில் அழுத்தம் குவியும், சாலையின் ஒவ்வொரு குழியிலும் பட்டை வளைந்து நிமிரும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பட்டை வாங்கும்போதும் நடு போல்ட் ஓட்டையைச் சுற்றித் துருவைத் தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் எண்ணெய்க் கோடு கசிந்து தெரியும். அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிட்டு மீதியில் கத்தி செய்யலாம்.